30 அங்குலத்துக்கு மேல் வேண்டாம்: டெக்ஸோமா ஏரிக்குப் போகும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

டாலஸ், பிளேனோ, ஃபிரிஸ்கோ, மெக்கின்னி வட்டாரத் தமிழ் நண்பர்களுக்கு,

தேங்ஸ்கிவிங் விடுமுறையிலிருந்து பிப்ரவரி வரையிலான குளிர்காலத்தில், 75-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போய், டெக்ஸோமா ஏரியில் கைடு அமர்த்தி நீலக் கெளுத்தி பிடிக்கத் திட்டமிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான். 30 அங்குலத்துக்கு மேற்பட்ட நீலக் கெளுத்தி தூண்டிலில் விழுந்தால் அதை ஏரியிலேயே விட்டுவிடுங்கள். சமையலுக்குச் சின்ன மீன்களை எடுத்து வாருங்கள். பெரிய மீனில் ஆளுக்கு ஒன்றைச் சட்டம் அனுமதிக்கிறது என்பது தெரிந்தேதான் கேட்கிறேன். சட்டம் போதாமல் போவது குறிப்பாகக் கைடு படகில்தான் என்பது என் வாதம். தனியாகக் கரையில் தூண்டில் போடுகிறவரிடம் இந்த வேண்டுகோளை இவ்வளவு அழுத்தமாக வைக்க மாட்டேன்.

முதலில் ஏரியையும் மீனையும் பற்றி. சிவப்பாறும் வாஷிட்டா ஆறும் கூடும் இடத்துக்குக் கீழே அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை கட்டிய டெனிசன் அணை 1944-இல் முடிந்தது. அதற்குப் பின்னால் தேங்கியதுதான் டெக்சஸ், ஓக்லஹோமா இரண்டு மாநிலங்களிலும் பரந்து கிடக்கும் இந்த நீர்த்தேக்கம். படையின் கணக்குப்படி சுமார் 89,000 ஏக்கர். இங்கே பெயர் வாங்கிய ஸ்ட்ரைப்பர் மீன் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. நீலக் கெளுத்தி அப்படியல்ல. மிசிசிப்பி ஆற்றுத் தொகுதிக்கு உரிய மீன் அது; சிவப்பாறும் அந்தத் தொகுதியைச் சேர்ந்ததே. அணை வருவதற்கு முன்பிருந்தே இந்த நீரில் வாழ்கிறது. நம் ஊர்க் குளத்துக் கெளுத்தியையோ தேளியையோ மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர் இதன் அளவைக் கண்டு திகைத்துப்போவார். மீசை ஒன்றுதான் பொது. 2004 ஜனவரியில் இதே டெக்ஸோமாவில் 121.5 பவுண்டு, அதாவது 55 கிலோ எடையுள்ள நீலக் கெளுத்தி தூண்டிலில் அகப்பட்டது. அப்போது அது உலகச் சாதனை. பிடித்தவர் அதை வெட்டவில்லை. ஏதென்ஸ் என்ற டெக்சஸ் ஊரில் உள்ள மாநில நன்னீர் மீன் மையத்துக்கு உயிருடன் போய்ச் சேர்ந்து, 'ஸ்பிளாஷ்' என்ற பெயருடன் 2005 டிசம்பர் வரை அது தொட்டியில் வாழ்ந்தது. அதைப் பார்க்கவே கூட்டம் வந்தது.

அவ்வளவு பெரிய மீன் எப்படி உருவாகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீலக் கெளுத்தி இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. ஆனால் வளர்ச்சி மெதுவானது, ஒரே சீரானதும் அல்ல. ஒரே ஏரியில் ஒரே ஆண்டில் பிறந்த மீன்களில் சில விறுவிறுவென்று வளரும், பல சிறிதாகவே நின்றுவிடும். மீன் வயதை அதன் காதுக்குள் இருக்கும் சிறு கல்லை அறுத்து, மர வளையம் எண்ணுவதுபோல எண்ணிக் கண்டுபிடிக்கிறார்கள். ஓக்லஹோமா ஏரிகளில் அப்படி எண்ணியபோது, 30 அங்குலத்தை எட்ட நீலக் கெளுத்திக்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுக்கும் மேலாகிறது என்று தெரியவந்தது. 30 அங்குல மீன் ஏறக்குறைய ஐந்து கிலோ இருக்கும். 45 அங்குலமானால் இருபது கிலோவைத் தொடும். நாம் எடுத்து வரும் பெரிய மீன் ஒவ்வொன்றும் பலமுறை முட்டையிட்டுப் பெருக்கியிருக்கக்கூடிய, இன்னும் பல ஆண்டுகள் பெருக்கக்கூடிய உயிர். உடல் பெருக்கப் பெருக்கப் பெட்டை இடும் முட்டையும் கூடும். ஆண் மீனோ பொந்தில் இடப்பட்ட முட்டையைக் குஞ்சுகள் பொரிந்து கலையும்வரை காவல் காக்கும். அவற்றை எடுத்துவிட்டால் அந்த இடத்தை நிரப்ப அடுத்த ஆண்டு மீன் வராது, அடுத்த பத்தாண்டு மீன்தான் வரவேண்டும்.

இதை மாநில மீன்வளத் துறைகள் உணர்ந்துகொண்டுதான் விதிகளைத் திருத்தின. பல காலம் கெளுத்தி என்றால் எண்ணிக்கை வரம்பு மட்டும் போதும் என்று நினைத்திருந்தார்கள். ஓக்லஹோமா 2010-இல் 30 அங்குலத்துக்கு மேற்பட்ட நீலக் கெளுத்தி நாளுக்கு ஒன்றுதான் என்றது. டென்னசியில் அந்தக் கோடு 34 அங்குலம். மிசூரி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ட்ரூமன் ஏரி, ஓசார்க்ஸ் ஏரி இரண்டிலும் 26 முதல் 34 அங்குலம் வரையிலான நீலக் கெளுத்தியை உடனே விட்டுவிட வேண்டும் என்ற விதி 2014 முதல் நடப்பில் இருக்கிறது. வளர வேண்டிய பருவத்திலேயே மீன்கள் அள்ளப்பட்டுவிடுகின்றன என்பதுதான் அங்கே கண்டது. டெக்ஸோமாவில் நீலக் கெளுத்தியும் சானல் கெளுத்தியும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 15. அதில் 30 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள நீலக் கெளுத்தி ஒன்றே ஒன்று. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை, எனவே போகும் முன் புதிய விதிப் புத்தகத்தைப் பாருங்கள்.

இனி என் வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். இந்த வரம்பு தலைக்கு இவ்வளவு என்று விதிக்கப்பட்டது. ஒருவர் தாமாகக் கரையில் நின்று, கடையில் வாங்கிய கோழி ஈரலை முள்ளில் கோத்துப் போட்டால் என்ன கிடைக்கும்? நாள் நன்றாக இருந்தால் இரண்டு மூன்று சின்னச் சானல் கெளுத்தி. 30 அங்குல நீலக் கெளுத்தி அவருக்கு அகப்படுவது அபூர்வம். அப்படிப்பட்ட ஆயிரம் பேர் ஏரிக்கு வந்தாலும் 'ஆளுக்கு ஒன்று' என்ற உச்சத்தைத் தொடுகிறவர்கள் சிலரே. கைடு படகில் நிலைமையே வேறு. விடியும் முன்பே அவர் வீச்சு வலை போட்டு, மத்திக்கு உறவான ஷாட் மீனைப் பிடித்துப் புத்தம்புதிய இரையாக நறுக்கி வைத்திருப்பார். குளிரில் ஷாட் கூட்டம் எந்தப் பள்ளத்தில் ஒதுங்கும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்த மேட்டில் கெளுத்தி ஏறும் என்பது அவருக்குப் பாடம். சோனார் திரையில் மீன் தெரிந்த பிறகே படகை மெல்ல மிதக்க விடுவார். பக்கவாட்டில் விலகி ஓடும் பலகைகளில் கட்டிய தூண்டில்கள் வரிசையாக விரிந்து, படகை விடப் பல மடங்கு அகலத்தைத் துழாவிக்கொண்டு வரும். தாங்கியில் செருகிய கம்பு வளைந்தால் எடுத்துச் சுற்றுவது மட்டும்தான் வந்தவர் வேலை. அதுவரை தூண்டிலைத் தொட்டே பார்க்காதவருக்கும், இருபதாண்டு பழகியவர் பிடிக்கும் மீன் விழுகிறது.

நாம் சில நூறு டாலர் கொடுத்து வாடகைக்கு எடுப்பது படகை மட்டுமல்ல, ஒரு தேர்ந்த மீன்பிடிப்பாளரின் திறமையையும்தான். அந்தத் திறமை ஒன்று. அதைக்கொண்டு நிரப்பப்படும் வரம்போ படகில் இருக்கும் தலைகளின் எண்ணிக்கை. நான்கு பேர் போனால் நான்கு பெரிய மீன் எடுக்க உரிமை வருகிறது. ஒரு கைடு குளிர்காலத்தில் ஐம்பது நாள் படகு எடுக்கிறார், ஒவ்வொரு நாளும் நான்கு பேர், எல்லோரும் தம் உரிமையை முழுதாகப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இருநூறு பெரிய மீன் ஒரு படகில் போய்விடும். எல்லா நாளும் அப்படி அமையாது, எல்லாப் படகும் அப்படி நிரம்பாது, தெரியும். ஆனால் 'உச்ச வரம்பு' என்று எழுதியது கைடு படகில் 'வழக்கமான வரவு' ஆகிவிடக்கூடும் என்பதே நான் காட்ட விரும்புவது. ஏரி எவ்வளவு பெரிது என்று சொல்லி இதைத் தள்ளிவிடவும் முடியாது. 89,000 ஏக்கரிலும் மீன் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. குளிரில் இரை எங்கே திரள்கிறதோ அங்கேதான் பெரிய கெளுத்திகளும் திரளும். அந்த இடங்களைக் கண்டுபிடிப்பதற்குத்தான் கைடுக்குக் கூலி. நம் விடுமுறைக் காலமும் பெரிய மீன் விழும் காலமும் ஒன்றாக வந்து விழுவது இன்னொரு சங்கடம்.

'சட்டம் விடுகிறதே, பிறகென்ன?' என்பது முதலில் வரும் கேள்வி. சட்டம் சொல்வது, இதற்கு மேல் போனால் குற்றம் என்பதுதான். அது வரை போயே தீரவேண்டும் என்று எந்த மீன்வளத் துறையும் சொல்லவில்லை. 'காசு கொடுத்திருக்கிறோம்' என்பது அடுத்தது. காசு கொடுத்தது எரிபொருளுக்கும், இரைக்கும், அவருடைய நேரத்துக்கும் அறிவுக்கும். மீனுக்கு விலை வைக்க அவருக்கு உரிமையே இல்லை; ஏரி மீன் இரண்டு மாநிலங்களிலும் பொதுச்சொத்து. கைடு உரிமம் வைத்திருந்தாலும், வயது வரம்பைத் தாண்டி அவர் படகில் தூண்டில் பிடிக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியே மீன்பிடி உரிமம் வாங்க வேண்டியிருப்பது அதனால்தான். டெக்ஸோமாவுக்கென்றே இரு மாநிலப் பகுதிக்கும் செல்லுபடியாகும் தனி உரிமம் இருக்கிறது. அதை வாங்கிவிட்டால் படகு எந்தப் பக்கம் போகிறது என்ற கவலை இல்லை. போட்ட காசுக்குப் பலன் வேண்டும் என்றால், 30 அங்குலத்துக்குக் கீழே எத்தனையோ மீன் இருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து அறுபது வரை எடுக்கலாம். அத்தனையும் எதற்கு என்பது வேறு கேள்வி.

'விட்டாலும் அது சாகத்தான் போகிறது' என்று சொல்கிறவர்கள் உண்டு. மற்ற மீன்கள் சிலவற்றைப் பொறுத்தவரை இது நியாயமான அச்சம். ஆழத்திலிருந்து சட்டென்று மேலே இழுக்கப்பட்ட மீனின் காற்றுப்பை ஊதிப்போய், திரும்ப அடியில் இறங்க முடியாமல் மிதந்தே சாகும். கெளுத்திக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. அதன் காற்றுப்பையிலிருந்து உணவுக்குழாய்க்கு ஒரு குழல் போகிறது. அழுத்தம் குறைந்தால் காற்றை வாய்வழியே விட்டுவிடும். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரைந்திருக்கும் என்பதால் களைத்த மீன் விரைவில் தேறும். வட்ட முள் பயன்படுத்தினால் அது பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும், குடலுக்குள் இறங்காது. உண்மையில் மீனைக் கொல்வது படகுக்கு மேலே நடப்பவைதான். டெக்ஸோமா மீன் உயிர் பிழைத்துத் தொட்டியில் வாழ்ந்த கதையைச் சொன்னேன். அதற்கு அடுத்த ஆண்டு, 2005 மே மாதம், இல்லினாய் மாநிலத்து ஆல்டன் அருகே மிசிசிப்பி ஆற்றில் 124 பவுண்டு நீலக் கெளுத்தி ஒன்று பிடிபட்டு அந்தச் சாதனையை முறியடித்தது. அதையும் காட்சிக்கு வைக்க ஆசைப்பட்டு உயிருடன் கான்சஸ் சிட்டிக்கு வண்டியில் கொண்டுபோனார்கள். போகும் வழியிலேயே செத்துவிட்டது. அந்த அளவு மீனை இடம்பெயர்ப்பது சூதாட்டம். படகோரத்தில் நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி, நனைந்த கையால் வயிற்றைத் தாங்கி, ஒரு படம் எடுத்துக்கொண்டு பிடித்த இடத்திலேயே விடுவது அப்படியல்ல. தாடையில் கொக்கி மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிட்டு எடை பார்ப்பதும், ஒவ்வொருவர் கையிலும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் படம் எடுப்பதும் வேண்டாம்.

அமெரிக்கச் செய்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்கள் வேறொரு கேள்வி கேட்கலாம். செசபீக் விரிகுடாப் பக்கம் இதே மீனை ஒழிக்க வேண்டும், எவ்வளவு முடியுமோ அவ்வளவு பிடித்துத் தின்னுங்கள் என்று அரசே கெஞ்சுகிறதே? ஆமாம், உண்மை. 1970-களில் வர்ஜீனியாவின் ஜேம்ஸ், ராப்பஹானக் ஆறுகளில் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்காக அந்நியமான இந்த மீனை விட்டார்கள். அது பல்கிப் பெருகி, உப்பு கலந்த நீரையும் தாங்கிக்கொண்டு விரிகுடா முழுவதும் பரவி, நீல நண்டு உட்பட அங்குள்ள உயிர்களைத் தின்று தீர்க்கிறது. அந்நிய மீன்களால் வந்த இழப்புக்கு மீன்வளப் பேரிடர் என்று அறிவிக்கும்படி மேரிலாந்து ஆளுநர் 2023-இல் மத்திய அரசிடம் கேட்டார். மேரிலாந்திலோ வர்ஜீனியாவின் கடல்வாய் ஆறுகளிலோ நீங்கள் மீன்பிடிக்கப் போனால் இந்த மடலைக் கிழித்துப் போட்டுவிடலாம். ஆனால் அங்கே சரியானது இங்கேயும் சரியாகிவிடாது. மீன் ஒன்றே, ஆறு வேறு. சிவப்பாற்றில் அது பிறந்த மண்ணில் இருக்கிறது, அங்குள்ள ஷாட் கூட்டத்தோடு சேர்ந்தே வளர்ந்திருக்கிறது. ஒரு ஊரின் எச்சரிக்கையை இன்னொரு ஊரின் அனுமதிச் சீட்டாக ஆக்கிக்கொள்வது வசதியான வாசிப்பு, அவ்வளவே.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் வேறு திசையிலிருந்து வருகிறது, அது நம் வளர்ப்பிலிருந்தே வருவது. தின்னப் பிடித்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பிடித்து, வாயைக் கிழித்து, படம் எடுத்துக்கொண்டு விடுவது வதை, அதற்குப் பேர் விளையாட்டா? இந்தக் கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன். பிடித்து விடுவதை ஓர் உயர்ந்த நெறிபோல அமெரிக்க மீன்பிடி உலகம் கொண்டாடுவதில் எனக்கும் முழு உடன்பாடு இல்லை. அதனால்தான் என் வேண்டுகோள் 'பெரிய மீனைத் தேடிப் பிடித்து விடுங்கள்' என்பதல்ல. கெளுத்தி கைடுகளிடம் பொதுவாக இரண்டு வகைப் பயணம் உண்டு. பெரிய மீனுக்கென்றே போகும் ட்ரோஃபி பயணம் ஒன்று, வீட்டுச் சமையலுக்கு ஏற்ற அளவில் மீன் நிறையக் கிடைக்கும் இடங்களுக்குப் போவது மற்றொன்று. இடம், இரைத் துண்டின் அளவு, முள்ளின் அளவு எல்லாமே இரண்டுக்கும் வேறுபடும். இரண்டாவதைக் கேளுங்கள். அப்போது பெரிய மீன் தற்செயலாகத்தான் விழும், அந்தத் தற்செயலை விட்டுவிடுவது வதைக்காக வதைப்பது ஆகாது. பொழுதுபோக்குக்காகப் பெரிய மீனைத் துன்புறுத்த வேண்டாம் என்று நினைக்கிறவரும், ஏரியில் அது இருக்க வேண்டும் என்று நினைக்கிறவரும் இந்த இடத்தில் ஒன்றுபட முடியும்.

சமையல் கணக்கும் இந்தப் பக்கமே சாய்கிறது. பெரிய நீலக் கெளுத்தியில் கொழுப்பு அதிகம், பக்கவாட்டில் ஓடும் செந்தசை தடிமனாக இருக்கும். அதைச் சீவி எறியாவிட்டால் குழம்பில் எவ்வளவு புளி ஊற்றினாலும் வாடை போகாது. இரண்டு மூன்று பவுண்டு மீனின் வெள்ளைச் சதைதான் வறுவலுக்கும் குழம்புக்கும் ஏற்றது, இதை உள்ளூர்க்காரர்களும் ஒப்புக்கொள்வார்கள். பாதரசம் என்ற விஷயம் அதைவிட முக்கியம். நீரில் இருக்கும் பாதரசம் உணவுச் சங்கிலி வழியே ஏறி, மீனைத் தின்னும் மீனில், அதுவும் வயதான மீனில் சேர்ந்துகொண்டே போகும். கருவுற்ற பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் கெளுத்தி நல்ல தேர்வு என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் பட்டியலில் பார்த்திருப்பீர்கள். அங்காடியில் கிடைக்கும் கெளுத்தி பெரும்பாலும் பண்ணையில் தானியத் தீனி போட்டு வளர்த்து, இளசாகவே எடுத்த மீன். பத்துப் பதினைந்து ஆண்டு ஷாட் தின்று கொழுத்த ஏரி மீனை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எந்த ஏரியில் எந்த மீனை எந்த அளவுக்கு மேல் குறைத்துச் சாப்பிட வேண்டும் என்று ஓக்லஹோமா சுற்றுச்சூழல் துறை பட்டியலே வெளியிடுகிறது. விருந்துக்கு வந்த பிள்ளைகளுக்குப் பெருமையாகப் பரிமாற நினைக்கும் அந்தப் பெரிய மீனே அவர்களுக்குக் கொடுக்கக் கடைசியாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய மீன்.

கைடுகள் மீது பழி போடுவது எளிது, நியாயமல்ல. வந்தவர் முகம் சுளித்துப் போனால் அடுத்த வாரம் படகு காலி என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. பெரிய மீன் ஏரியில் இருந்தால்தான் தொழில் நிலைக்கும் என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே பெரியதை விடச் சொல்லி வாடிக்கையாளரிடம் அவர்களே கேட்பதும் உண்டு. கேட்கத் தயங்குகிறவர்களுக்கு அந்தத் தயக்கத்தை நாம் போக்கலாம். முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்: சமையல் மீன் போதும், 30 அங்குலத்துக்கு மேல் எதையும் எடுக்க மாட்டோம், வட்ட முள் போடுங்கள், ஆளுக்கு ஐந்தாறு ஆனதும் நிறுத்திவிடலாம். குடும்பத்துக்கு எத்தனை மீன் வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே குளிர்பெட்டியின் அளவைப் பார்த்து முடிவுசெய்துகொண்டால் படகில் வாக்குவாதம் வராது. கரைக்கு வந்ததும் கைடு மின்கத்தியால் இரண்டு பக்கச் சதையை மட்டும் சீவிக் கொடுத்துவிட்டுத் தலையையும் நடு முள்ளையும் தள்ளிவிடப் பார்ப்பார், அதுதான் அங்கே வழக்கம். தோலை உரித்துக் குறுக்கே துண்டு போட்டுத் தலையோடு கொடுக்கும்படி கேளுங்கள். முதல்முறை கொஞ்சம் வியப்பாகப் பார்ப்பார், ஆனால் செய்துகொடுப்பார். ஆளுக்கு ஐந்து சின்ன மீனே குழம்புக்குத் தாராளமாகப் போதும் என்பது அப்போது தெரிந்துவிடும்.